அக்கினி மூலைக்குச் சாய்ந்த நிழல்கள்

மருதடியூர் கீழத்தெருவில் நிழல்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதம், உத்திரம் கழிந்த வாரத்தில். அதுவரைக்கும் எல்லா ஊர் நிழல்களையும்போலச் சூரியனுக்கு அடங்கி நடந்தவைதான். அன்றைக்குக் காலையிலிருந்து சூரியன் எங்கே நின்றாலும் அதைச் சட்டை செய்யாமல், மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெரு முடிகிற அக்கினி மூலையைப் பார்த்துப் படுத்துக்கொண்டன. மனிதர் நிழலும் அப்படி, மாட்டு நிழலும் அப்படி, மின்கம்பத்து நிழலும், கொடியில் காய்கிற சேலையின் நிழலும், சேலைமேல் வந்து உட்கார்ந்த தும்பியின் நிழலும் அப்படி.

முதலில் கண்டவள் செண்பகவடிவு. தெருவின் கடைசி வீடு அவளுடையது. புருஷன் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டினார், மாதத்துக்கொரு தடவை வருவார். இவள் முன்கூடத்தில் பெரிய கிரைண்டர்களைப் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்றாள். மாவின் ருசிக்குக் காரணம் உளுந்தும் இல்லை, தன் கையும் இல்லை, பின்கட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் என்று அவளே சொல்லுவாள். மேற்கே மலையில் பெய்த மழை பாறைக்கு அடியில் ஊறி ஊறி, ஊரையெல்லாம் கடந்து கடைசியில் அவள் கிணற்றில் வந்து நிற்கிறது, உப்பும் கிடையாது சவர்ப்பும் கிடையாது என்பாள். மருதடியூரில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் சோற்றுக்கு முன்னால் தின்றது அவள் மாவில் அவித்த இட்லியைத்தான். பல் முளைக்காத வாய்க்கு முதல் இட்லி செண்பகம் மாவில் என்பது அம்மன் கோயில்காரர், வேதக்கோயில்காரர், பள்ளிவாசல்காரர் என்று பேதமில்லாமல் எல்லாரும் வைத்துக்கொண்ட வழக்கம்.

அவள் வீட்டுக்கு வடமேற்கே ஒரு புளியமரம் நின்றது. சாயங்காலம் மட்டும் எட்டிப் பார்க்கிற அதன் நிழல் அன்றைக்குக் காலையிலேயே வந்து ஓட்டுக்கூரைமேல் ஏறியிருந்தது, உச்சி வேளையிலும் இறங்கவில்லை. செண்பகவடிவு வெளியே வந்து மரத்தைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், தன் காலடியையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வெக்கைக்குப் பயந்து மூலையில் ஒதுக்கிவைத்திருந்த மாவுத் தூக்குகளைக் கூடத்துக்கு நடுவில் இழுத்துப் போட்டாள். அந்தக் கோடையில் அவள் மாவு ஒரு நாள்கூட அளவுக்குமேல் புளிக்கவில்லை.

ஊர் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது, பிறகு அதற்குத் தக்கபடி வாழப் பழகிக்கொண்டது. வற்றல் காயப்போடுகிற பெண்கள் பாயைச் சுவரின் வடமேற்குப் பக்கமாக மாற்றி விரித்தார்கள். ஒரு வீட்டு வேப்பமரத்தின் நிழல் நாள் முழுக்க அடுத்த வீட்டு முற்றத்திலேயே கிடந்ததால் நிழல் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. மரம் வைத்தவனுக்குக் கொழுந்தும் கட்டையும், நிழலில் படுக்கிறவனுக்குச் சருகு கூட்டுகிற வேலை என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை நிழல் பெண்ணின்மேல் விழவேண்டுமா, பெண்ணின் நிழல் மாப்பிள்ளைமேல் விழவேண்டுமா என்று சம்பந்திகள் கொஞ்சம் முறைத்துக்கொண்டார்கள், மணவறையைத் திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது. வீட்டுக்குள் டியூப்லைட் போட்டாலும், குத்துவிளக்கு ஏற்றினாலும் நிழல் அந்தப் பக்கம்தான். தெருவையும் பங்கையும் தாண்டி ஓரடி வைத்ததும் அது நாய்க்குட்டி மாதிரிக் காலைச் சுற்றிக்கொண்டு தன் பழைய இடத்துக்குப் போய்விடும், தெருவுக்குள் திரும்பி வந்தால் மறுபடி தென்கிழக்கே சாய்ந்துகொள்ளும். வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்துத் தடுமாறும்போது, கீழத்தெருக்காரர்கள் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள்.

அம்மன் கோயில் பூசாரி வேலாண்டிதான் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். தென்கிழக்கு அக்கினிக்கு உரிய மூலை, அக்கினி நம்மைக் கூப்பிடுகிறான், அவன் கூப்பிட்டால் நிழல் முதலில் போகும் என்றார். நிழல்களெல்லாம் போய்ச் சேருகிற இடத்தில் செண்பகவடிவின் கிணறு இருந்ததால், வெள்ளிக்கிழமை தோறும் யாராவது வந்து கிணற்றுக் கட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார்கள். மாவு முன்னைவிட விற்றது. அவள் இன்னொரு கிரைண்டர் போட்டாள்.

பங்கின் தகரக் கூரையின் நிழல் மட்டும் மற்ற நிழல்கள் மாதிரி இருந்த இடத்தில் இருக்கவில்லை. அது வளர்ந்தது. ரோட்டோரத்தில் கிடந்தது வைகாசியில் தெருவுக்குள் தலையை நீட்டியது, ஆடியில் முதல் வீட்டுச் சுவர் ஏறி, தேவசகாயம் வாத்தியார் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. அந்த வாரம் வாத்தியார் வீட்டுக் குளியலறையில் பெட்ரோல் வாசம் அடித்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், கூரை நிழல் தங்கள் கிணற்றைத் தொட்டதும் வாளியைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழ்வீட்டுக் கிணற்றுக்குப் போனார்கள். அந்தக் கிணற்றையும் நிழல் தொட்டதும் அதற்கும் கீழ்வீட்டுக்குப் போனார்கள். இப்படித் தெரு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடங்களோடு செண்பகவடிவின் பின்கட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவளும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பங்க் நடத்தினவர் பிச்சையா அண்ணாச்சி. கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. செண்பகவடிவின் புருஷன் ஒரு முறை லாரியோடு கவிழ்ந்து கிடந்தபோது தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர், சீட்டில் படிந்த ரத்தத்தைக் கடைசிவரை பேசாதவர். வாத்தியார் போய்க் கேட்டதற்கு, வண்டிகளில் சிந்துகிற பெட்ரோல் மழையில் ஓடியிருக்கும், பூமிக்கடியில் இருக்கிற தொட்டிகளெல்லாம் கெட்டியான இரும்பு என்றார். அப்படித்தான் அவர் நம்பினார். நம்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

வாத்தியார் மனுப்போட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து நிலத்தடி நீரைச் சோதிக்க ஆள் வந்தது. ரோஸ்லின் என்று பெயர், நடுவயது, வெயிலில் கறுத்த முகம், வேலை செய்யும்போது செருப்பைக் கழற்றிவிடுகிற பழக்கம். நிலத்துக்கு அடியில் தண்ணீர் எந்தப் பக்கமாக நகருகிறது என்று தெரிந்துகொள்ள முதலில் இங்கும் அங்குமாகக் குழாய் இறக்கி மட்டம் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே தெருவுக்குள் நடந்தவள், தன் நிழலைப் பார்த்து நின்றாள். அப்புறம் மின்கம்பத்தின் நிழலைப் பார்த்தாள், மாட்டின் நிழலைப் பார்த்தாள். கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, போர் போடுகிற ஆட்களைக் கூப்பிட்டு, கூரை நிழல் போகிற வழியிலேயே இடம் விட்டு இடம் விட்டுக் குழாய் இறக்கச் சொன்னாள்.

தெருக்காரர்கள் அவற்றைப் பார்வைக் குழாய் என்றார்கள். தரையிலிருந்து முழ உயரம் நிற்கும், பூட்டுப் போட்ட மூடி இருக்கும். மாதந்தோறும் ரோஸ்லின் வந்து மூடியைத் திறந்து, கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு நீளக் குழலைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கித் தூக்குவாள். பங்குக்கு அடுத்த குழாயில் தண்ணீருக்கு மேல் பெட்ரோல் தனியாக, தேன் நிறத்தில், விரற்கடைக்கும் கூடுதலாக மிதந்தது. கீழே வர வர மிதப்பது குறைந்து வெறும் வாசமானது, இன்னும் கீழே வாசமும் இல்லை. கடைசிக் குழாய் செண்பகவடிவின் மதிலோரத்தில் இருந்தது. அதை முடித்துவிட்டு ரோஸ்லின் அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். சோதனைச்சாலையில் அந்தக் கடைசிக் குழாய்த் தண்ணீர் மாதாமாதம் சுத்தம் என்றே வந்தது.

கசிவு இருக்கிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. எங்கே கசிகிறது என்பதுதான் வழக்காயிற்று. பெட்ரோல் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அடியில் தொட்டிகள் பல, குழாய்கள் அதைவிட அதிகம், எல்லாவற்றையும் தோண்டுவதென்றால் கூரையையே பிரிக்கவேண்டும், இன்ன இடம் என்று தெரியாமல் கைவைக்க முடியாது, மேலும் ஆய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிச்சையா அண்ணாச்சியும் பொறுங்கள், ஆய்வு முடியட்டும் என்றார். கார்த்திகை போயிற்று, தையும் போயிற்று. நிழல் மட்டும் பொறுக்கவில்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம் ரோஸ்லின் வந்தாள். அன்றைக்கு மாதக் கணக்குக்கு வரவேண்டிய நாள் இல்லை. செண்பகவடிவு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தபோது, வேண்டாம் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசிக் குழாய்த் தண்ணியில வந்திருச்சு அக்கா.”

“வாசமே இல்லையே மேடம். காலையிலகூட குடிச்சேன்.”

“வாசத்துக்கு முன்னாலயே விஷம் வந்துரும். ரத்தத்தைக் கெடுக்கிற விஷம். பிள்ளைகளுக்குன்னா இன்னும் மோசம். உங்க கிணத்துத் தண்ணியும் எடுத்துட்டுப் போறேன். ரிப்போர்ட் வந்து, நோட்டீஸ் ஒட்டி, அதுக்கெல்லாம் நாளாகும். அதுவரைக்கும் நான் வாயால சொல்லத்தான் முடியும்.”

ரோஸ்லின் போன பிறகு செண்பகவடிவு பின்கட்டுக்கு வந்தாள். மதில்மேல் பங்குக் கூரையின் நிழல் விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல நேராக ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு வாளித் தண்ணீர் இறைத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறந்த வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவள் குடித்த தண்ணீர், ஒரு தப்பும் தெரியாத தண்ணீர். இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவள் கூடவே அடுப்படிக்கு வந்தது, சாயங்காலம் விளக்கேற்றும்போதும் பக்கத்திலேயே நின்றது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவள் அடுத்த தெரு பாத்திமுத்து. இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை, கையில் தூக்குச்சட்டி. பிள்ளைக்கு இன்றைக்கு முதல் இட்லி, கெட்டி மாவாகப் பார்த்துக் கொடுங்கள் சித்தி என்றாள். கூடத்தில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நன்றாகப் பொங்கின மாவை அவள் பார்த்ததில்லை. பிள்ளை மாவைப் பார்த்து வாயை வாயைத் திறந்தது.

செண்பகவடிவு கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நேத்து வரைக்கும் தெரியாம வித்தேன் பாத்திமுத்து. இனிமே தெரிஞ்சு விக்க மாட்டேன்.”

பிறகு வந்தவர்களுக்கும் அதையே சொன்னாள். தூக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து வாசலில் கவிழ்த்தாள். வெள்ளை மாவு மண்ணில் பரவி, அதன் மெல்லிய நிழலும் தென்கிழக்கே சாய்ந்து நின்றது. ஊருக்கு அது பிடிக்கவில்லை. கும்பிட்ட கிணற்றில் விஷம் என்று சொல்லுவது அடுக்குமா என்றார் வேலாண்டி. இதுவரை தின்ற எங்கள் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று ஒருத்தி அழுதாள். கசிவை அடைத்தால் நிழல் பழையபடி ஆகிவிடும், கோடையில் வெந்து சாகவேண்டியதுதான், ஆளுக்கொரு பில்டர் வாங்கி மாட்டிக்கொண்டு இப்படியே இருந்துவிடலாமே என்றும் சிலர் சொன்னார்கள். நிழலுக்குப் பழகின உடம்பு அப்படித்தான் பேசும். செண்பகவடிவு கடைசித் தூக்கையும் கவிழ்த்தாள். கையில் ஒட்டின மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டு பங்கை நோக்கி நடந்தாள். அழுதவளும் கோபப்பட்டவர்களும் வேலாண்டியும் பின்னாலேயே போனார்கள்.

பிச்சையா அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவள் கிணற்றுக்கும் வந்துவிட்டது என்று கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவர் வீட்டுப் பேரப்பிள்ளையும் தின்பது அவள் மாவுதான்.

“நான் என்னம்மா செய்யட்டும்? எதைத் தோண்டச் சொல்லுத? எடம் தெரிஞ்சா நானே தோண்டிர மாட்டேனா?”

செண்பகவடிவு தலையைக் குனிந்து தன் நிழலைப் பார்த்தாள். ஊரே அதுவரை நிழல் எங்கே போகிறது என்றுதான் பார்த்திருந்தது. அது எங்கேயிருந்து வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஆட்டுகிறபோது கிரைண்டர் ஒழுகினால், ஈரம் போன வழியே பின்னால் வந்து ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்கிறவள் அவள். பங்கின் சிமெண்டுத் தரையில் கால் வைத்து, நிழல் தனக்கு நேர் பின்னால் விழும்படி திரும்பித் திரும்பி நடந்தாள். டீசல் பம்பைத் தாண்டினதும் நிழல் தெற்கே ஒதுங்கியது. பின்னுக்கு வந்தாள். காற்றுப் பிடிக்கிற இடத்தருகே அது மேற்கே திரும்பி மலையைப் பார்த்தது. அவளும் திரும்பினாள். வண்டிகள் நின்றுவிட்டன. பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் குழாயைத் தொங்கவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்துப் பெட்ரோல் பம்புக்கும் சுவருக்கும் நடுவில் அவள் நின்றாள். அவள் நிழல் எந்தப் பக்கமும் சாயவில்லை. கல்லில் ஊற்றின தோசை மாதிரி அவள் காலைச் சுற்றி வட்டமாகப் பரவிக் கிடந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இங்கன பாருங்க அண்ணாச்சி.”

பிச்சையா அண்ணாச்சி மெதுவாக வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவர் நிழலும் வட்டமாக விரிந்தது, இரண்டு வட்டமும் ஒன்றோடொன்று கலந்தன. பிறகு போய் மெயின் சுவிட்சை இறக்கினார், வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினார், கடப்பாரையோடு முன்னால் வந்தவர்களை, இரும்பு பட்டுப் பொறி பறந்தால் தெருவே இருக்காது என்று தடுத்து நிறுத்திவிட்டு ரோஸ்லினுக்குப் போன் போட்டார். அதற்கு மறுநாள் முறையாகத் தோண்டுகிற ஆட்கள் வந்து, தண்ணீரை அடித்துக்கொண்டே தரையை அறுத்துத் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் ஒரு முழங்கைக் குழாய் துருப்பிடித்து இற்று, கறக்க மறந்த மாட்டின் மடி மாதிரிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் கம்பெனிக்காரர்களுக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. பங்க் மூடினது, குழாய்களை மாற்றினார்கள், பார்வைக் குழாய்களில் மிதந்ததை உறிஞ்சி உறிஞ்சி டாங்கரில் ஏற்றினார்கள். ஊரில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் வருஷா வருஷம் பார்க்கவேண்டும் என்றார்கள்.

நிழல்கள் ஒரே நாளில் திரும்பவில்லை. முதலில் எறும்புகளின் நிழல் திரும்பியது, பிறகு கோழிகளின் நிழல், பிறகு தெருவின் மேல்கோடியில் தொடங்கி வீடு வீடாக மனிதர்களுடைய நிழல். புளியமரத்து நிழல் செண்பகவடிவின் கூரையை விட்டு இறங்கிப்போன கோடையில் ஓடு கொதித்தது, மாவு மத்தியானத்துக்குள் புளித்தது. பிச்சையா அண்ணாச்சி தினமும் காலையில் மலைப்பக்கத்துத் தன் தோட்டத்திலிருந்து கேன்களில் தண்ணீர் நிரப்பி மொபெட்டில் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினார். அந்தத் தண்ணீரில் ஆட்டின மாவும் நல்ல மாவுதான், ஆனால் பழைய ருசி இல்லை. சிலர் விட்டுப் போனார்கள், பாத்திமுத்து போகவில்லை.

கடைசியில் செண்பகவடிவின் நிழல் ஒன்றுதான் பாக்கி. அந்தத் தண்ணீரை அவளளவுக்குக் குடித்தவர்கள் கிடையாது என்றார்கள். ஊரெல்லாம் சூரியனுக்குத் தக்கபடி சாய, அவள் நிழல் மட்டும் வருஷக்கணக்காகத் தென்கிழக்கே கிடந்தது. அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. புதுவீட்டுக்குக் கால்கோளின்போது கொத்தனார்கள் அவளைக் கூப்பிட்டு மனைக்கு நடுவில் நிற்கவைத்து, நிழல் காட்டுகிற மூலையில் அடுப்படிக்கு முளைக்குச்சி அடித்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வருவாள். வீட்டில் தனியாக இருக்கும்போது சிரிப்பு வராது. எதிரே வருகிறவர்களுடைய நிழலெல்லாம் ஒரு கூட்டமாகவும் தன்னுடையது தனியாகவும் போவது அவளுக்கு என்னவோபோல இருந்தது.

ஒரு கார்த்திகை மாதக் காலையில், பாத்திமுத்து வீட்டுக்கு மாவு கொடுக்கத் தெருவில் மேற்கே நடந்தாள். இத்தனை வருஷமாக அந்த வழியில் அவள் நிழல் முதுகுக்குப் பின்னால்தான் வரும். அன்றைக்கு அது அவளுக்கு முன்னால் நீளமாக நடந்துகொண்டிருந்தது. அவள் நின்றாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு கையை உயர்த்தினாள், அதுவும் உயர்த்தியது. எதிரே கேன்களோடு வந்த பிச்சையா அண்ணாச்சி மொபெட்டை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டார். சக்கரம் அந்த நிழல்மேல் ஏறிவிடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓரமாகச் சுற்றிப் போனார்.

சேதி கேட்டு ரோஸ்லின் வந்தாள். நிழலைப் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள், செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்வைக் குழாயின் மூடியைத் திறந்தாள்.

“நிழலை நம்பித் தண்ணி குடிக்க முடியாது அக்கா. இன்னும் ஒரு மழை போகட்டும்.”

மழை போயிற்று. மாதாமாதம் குழல் இறங்கியது, ஏறியது. மாசியில் ரோஸ்லின் இனிக் குடிக்கலாம் என்று சொன்னபோது செண்பகவடிவு தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் விடிந்ததும் யாரையும் கூப்பிடாமல் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, கைநிறைய மொண்டு குடித்தாள், மறுபடியும் குடித்தாள். பிறகு கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டாள். வந்து கூப்பிட்டவர்களை அப்புறம் வரச்சொன்னாள். காலையில் நிழல் மேற்கே கிடந்தது, உச்சிக்குக் காலடியில் வந்தது, பொழுது சாயச் சாயக் கிழக்கே மதில்வரை நீண்டது. சூரியன் இறங்கி அது மண்ணோடு மண்ணாகக் கரைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் அரிசியையும் உளுந்தையும் அந்தத் தண்ணீரில் நனையப்போட்டாள்.